நடுங்கும் தட்டும் நம் உம்மாமாரின் எலும்பும்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலைகளை முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் 60 தாண்டிய உம்மாவோ மாமியோ இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன மாதம் ஒருநாள் அஸருக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு சாச்சி வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் கையை நீட்டி இரண்டு காப்பையும் காட்டினார்.

"மகள், இதை வித்தா அந்த மெசினை வாங்கலாம். நீங்க டீச்சர்தானே, அவங்க சொல்றது சரிதானா எண்டு கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்களே."

மெசின் என்றது பஸாரில் ஒரு கடையில் வைத்திருக்கும் நடுங்கும் தட்டை. பார்க்க நிறை பார்க்கும் தராசு மாதிரி இருக்கும். ஏறி நின்றால் கால் வழியே உடம்பு முழுக்க மெல்லிய அதிர்வு வரும். 10 நிமிடம் இலவசமாக ஏறலாம். சாச்சியும் நாலைந்து பெண்களும் இரண்டு கிழமையாக ஒவ்வொரு நாளும் போய் ஏறுகிறார்கள். கடைக்காரர் சொல்லிக் கொடுத்ததைச் சாச்சி அப்படியே ஒப்புவித்தார். வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததாம். விண்வெளிக்குப் போகிறவர்களின் எலும்புக்காகச் செய்த ஆராய்ச்சியாம். ஒரு வருடம் நின்றால் எலும்பு 34 வீதம் கூடுமாம்.

சாச்சிக்கு இதில் ஏன் இவ்வளவு அவசரம் என்று எனக்குத் தெரியும். அவருடைய உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர். அதற்குப் பிறகு அவர் எழும்பி நடக்கவேயில்லை. கட்டிலிலேயே இருந்து மௌத்தானார். அப்போது சாச்சிதான் பார்த்துக்கொண்டார். அந்த மாதங்களை மறந்துவிட்டு ஒருவர் காப்பை விற்காமல் இருக்க முடியாது.

நான் டொக்டர் இல்லை. வரலாறு படிப்பிக்கிறவள். ஆனால் வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு கதை சொன்னால், அதை எந்த ஆண்டில் தொடங்குகிறார், எந்த ஆண்டில் நிறுத்துகிறார் என்று பார்ப்போம். சாச்சிக்காக இரண்டு கிழமை தேடி வாசித்தேன். கடைக்காரர் சொன்ன கதை பொய்யில்லை. ஆனால் அவர் அதை 2001ஆம் ஆண்டில் நிறுத்திவிடுகிறார். அதற்குப் பிறகும் கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே முழுதாகச் சொல்லப் போகிறேன்.

*

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு நோய்களை ஒன்றாகப் போட்டுவிடுகிறோம். முழங்கால் வலித்து, வீங்கி, இருந்தால் எழும்ப முடியாமல் போவது மூட்டுத் தேய்வு. இங்கே நான் பேசுவது மற்றதைப் பற்றி. வெளியே பார்த்தால் எலும்பு அதே எலும்புதான். உள்ளே இருக்கும் வலைப்பின்னல் மட்டும் கறையான் அரித்த மரம்போல மெலிந்துகொண்டு போகும். அதற்கு வலி இல்லை. முறியும் வரை ஒருவருக்கும் தெரியாது. டொக்டர்மார் ஒஸ்டியோபொரோசிஸ் என்பது இதைத்தான்.

வயதான பெண்களுக்கு இடுப்பு எலும்பு லேசாக முறிகிறது என்பதை 1820களிலேயே லண்டனில் அஸ்லி கூப்பர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் எழுதி வைத்தார். துளை விழுந்த எலும்பு என்ற பொருளில் அந்த நோய்ப் பெயரைக் கொடுத்தவர் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் இருந்த லோப்ஸ்டைன். அது 1830 அளவில். அதோடு ஏறக்குறைய 100 வருடம் கதை நின்றது. வயது போனால் எலும்பு முறியும், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள். கிழவிகளின் விஷயம் என்பதால் பெரிதாக யாரும் துருவிப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

துருவிப் பார்த்தவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இருந்த புல்லர் அல்பிரைட். முதுகெலும்பு நலிந்துபோன, 65 வயதுக்குக் குறைந்த 42 நோயாளிகளை அவரும் அவருடைய குழுவினரும் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். அந்த 42 பேரில் 40 பேர் மாதவிடாய் நின்ற பெண்கள். 1941இல் இதை வெளியிட்டார்கள். வெறும் வயது மட்டும் காரணமில்லை, மாதவிடாய் நிற்கும்போது உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் வற்றிப்போவதும் காரணம் என்ற உண்மை அங்கேதான் வெளிச்சத்துக்கு வந்தது.

எலும்பு கல் இல்லை. உயிருள்ள பொருள். அதற்குள்ளே இடிக்கிற கலங்களும் கட்டுகிற கலங்களும் இரவு பகலாக வேலை செய்கின்றன. ஈஸ்ட்ரோஜன் இடிக்கிற பக்கத்துக்குக் கடிவாளம் போட்டு வைத்திருக்கும். அது போனதும் இடிப்பு வேகமாகும், கட்டுவது பின்தங்கும். மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் இழப்பு மிக வேகம். அதனால்தான் நம் உம்மாமாருக்கு இது வாப்பாமாரைவிட முன்கூட்டி வருகிறது.

*

இனி கதையின் அடுத்த இழை. எலும்பு உயிருள்ளது என்றால், அது வேலையை உணருமா?

1860களில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் குல்மான் என்று ஒரு பொறியியலாளர் இருந்தார். பாலம், பாரந்தூக்கி இவற்றில் சுமை எந்தக் கோட்டில் இறங்குகிறது என்று கணக்குப் போட்டுப் படிப்பிப்பவர். ஈபிள் கோபுரத்தின் முதல் வரைபடத்தைப் போட்ட கோஷ்லின் பின்னாளில் இவரிடம் படித்தவர்தான். அதே நகரில் மேயர் என்ற உடற்கூற்றியலாளர் தொடை எலும்பின் மேல் நுனியை நெடுக்காக வெட்டி உள்ளே இருந்த வலைப்பின்னலை வரைந்து வைத்திருந்தார். குல்மான் அதைப் பார்த்ததும் திகைத்துப் போனார். பாரந்தூக்கி ஒன்றுக்கு அவர் கணக்குப் போட்டு வரையும் கோடுகள் அந்த எலும்புக்குள்ளே இருந்தன. சுமை எங்கே இறங்குகிறதோ அங்கேதான் எலும்பின் இழைகள் ஓடியிருந்தன.

இதை வைத்து பேர்லினில் ஜூலியஸ் வொல்ப் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1892இல் ஒரு நூல் எழுதினார். சுருக்கம் இதுதான்: சுமை மாறினால் எலும்பும் தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்ளும். இன்றும் அதை வொல்பின் விதி என்கிறார்கள். டெனிஸ் விளையாடுகிறவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கை எலும்பைவிடத் தடித்திருப்பது இதனால்தான். நம் மூத்தவர்கள் உரலில் நெல் குத்தி, கிணற்றில் தண்ணி அள்ளி, விறகு சுமந்த காலத்தில் அவர்களுடைய எலும்பும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் "அந்தக் காலத்து மனிசிகள் உரல் குத்தினார்கள், அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை" என்று நாம் சொல்லிவிடக் கூடாது. சாச்சியின் உம்மாவும் உரல் குத்தியவர்தான். அவரும் விழுந்தார், அவருக்கும் முறிந்தது. உழைப்பு எலும்பைக் கட்டும், ஆனால் ஈஸ்ட்ரோஜன் போன பிறகு வருகிற இடிப்பை அது முழுதாக நிறுத்திவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

*

மூன்றாவது இழை இயந்திரம். நாம் அசையாமல் இருக்க, இயந்திரம் நம்மை அசைத்துச் சுகப்படுத்தும் என்ற ஆசை மனிதனுக்குப் பழையது.

1865இல் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் குஸ்தாவ் சாண்டர் என்ற வைத்தியர் ஒரு நிலையம் திறந்தார். கையை ஆட்ட ஒன்று, முதுகைத் தட்ட ஒன்று, உடம்பை அதிர வைக்க ஒன்று என்று வரிசையாக இயந்திரங்கள், பலவும் நீராவியில் ஓடுபவை. 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியா கண்காட்சியில் வைத்துப் பரிசும் வாங்கினார். பிறகு ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் அவருடைய நிலையங்கள் பரவின. 1912இல் மூழ்கிப்போன டைட்டானிக் கப்பலில்கூட ஒரு தேகப்பயிற்சி அறை இருந்தது. அதில் மின்சாரத்தில் ஆடும் ஒட்டகம் ஒன்று வைத்திருந்தார்கள். சீமாட்டிகள் அதில் ஏறி இருந்து குலுங்கினார்கள்.

பாரிஸில் சார்க்கோ என்ற பேர்போன நரம்பு வைத்தியர் வேறொன்றைக் கவனித்தார். கை நடுக்கம் வரும் பார்க்கின்சன் நோயாளிகள் புகையிரதத்திலும் குதிரை வண்டியிலும் தூரப் பயணம் வந்து இறங்கியதும் "கொஞ்சம் சுகமாக இருக்கிறது" என்றார்கள். அவர் உடனே அதிரும் கதிரை ஒன்றைச் செய்வித்தார். 1892இல் அதைப் பற்றி விரிவுரையும் செய்தார். வொல்ப் நூல் எழுதியதும் அதே ஆண்டு. சார்க்கோ அடுத்த வருடமே இறந்துவிட, ஆராய்ச்சி அப்படியே நின்றது.

ஏறக்குறைய 120 வருடம் கழித்து, 2012இல், சிக்காகோவில் சில ஆராய்ச்சியாளர்கள் அதைத் திருப்பிச் செய்து பார்த்தார்கள். நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரிச் சாய்வு கதிரையில் இருந்து இதமான ஒலிகளைக் கேட்டார்கள். ஒரு பக்கத்தாரின் கதிரை அதிர்ந்தது, மற்றப் பக்கத்தாரின் கதிரை அதிரவில்லை. முடிவில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சுகம் கண்டிருந்தது. நோயாளிகள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே சுகமாகத்தான் இருந்தது. ஆனால் சுகம் தந்தது அதிர்வு இல்லை. ஆறுதலாக இருந்ததும், நம்பிக்கையும், யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற நிம்மதியுமாகத்தான் இருக்க வேண்டும்.

"தட்டில் நின்றால் உடம்பு லேசா இரிக்கி மகள்" என்று சாச்சி சொன்னபோது எனக்கு இந்தக் கதிரைதான் ஞாபகம் வந்தது.

*

இனி விண்வெளி. 1973, 1974இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் நிலையத்தில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கித் திரும்பியவர்களுக்கு எலும்பு குறைந்திருந்தது. காரணம் தெளிவு. அங்கே நிறை இல்லை, காலுக்குச் சுமை இல்லை. வேலை இல்லாத எலும்பை உடம்பு கரைத்துவிடுகிறது. நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கு இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 வீதத்துக்கும் மேலே போகிறது என்று பிறகு அளந்தார்கள். மாதவிடாய் நின்ற ஒரு பெண் ஒரு வருடத்தில் இழக்கும் அளவு அங்கே ஓரிரு மாதத்தில் போய்விடுகிறது.

அப்படியென்றால் எலும்பைத் திருப்பிக் கட்ட எவ்வளவு சுமை வேண்டும்? 1984இல் கிளின்டன் ரூபினும் லான்ஸ் லான்யனும் சேவலின் சிறகெலும்பில் சோதித்தார்கள். ஒரு நாளைக்கு 4 தடவை மட்டும் சுமை கொடுத்தாலே எலும்பு குறையாமல் நின்றது. 36 தடவை கொடுத்தால் கூடியது. அதற்குமேல் நூற்றுக்கணக்கில் கொடுத்தும் வித்தியாசம் வரவில்லை. எலும்பு நிறைய வேலை கேட்கவில்லை. அவ்வப்போது ஒரு தட்டு தட்டினால் கேட்டுக்கொள்கிறது.

பிறகு நியூயோர்க் மாநிலத்தின் ஸ்டோனி புறூக் பல்கலைக்கழகத்தில் ரூபின் இன்னொன்றையும் ஆராய்ந்தார். நாம் சும்மா நிற்கிறோம் என்று நினைக்கும்போதும் உடம்பு சும்மா இல்லை. விழாமல் நிறுத்தி வைப்பதற்காகக் கால் தசைகள் செக்கனுக்கு 20 முதல் 50 தடவை நுட்பமாக நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. வயது போகப்போக அந்த நடுக்கம் குறைகிறது. எலும்புக்குப் போகும் அந்தச் சின்னச் செய்தியும் குறைகிறது. அதை வெளியே இருந்து கொடுத்தால் என்ன?

இதற்காகச் செம்மறி ஆடுகளை எடுத்தார்கள். பின்னங்கால்களை ஒரு தட்டில் வைத்து நிறுத்தினார்கள். செக்கனுக்கு 30 அதிர்வு, பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு மென்மை. நாளுக்கு 20 நிமிடம், கிழமைக்கு 5 நாள், ஒரு வருடம். முடிவில் தொடை எலும்பின் மேல் பகுதியில் உள்வலைப்பின்னலின் அடர்த்தி, தட்டில் ஏறாத ஆடுகளைவிட 34 வீதம் கூடியிருந்தது. 2001இல் நேச்சர் சஞ்சிகையில் வெளியானது. உலகமே பேசியது.

சாச்சிக்குக் கடைக்காரர் சொன்ன 34 வீதம் இதுதான். உண்மையான கணக்குத்தான். ஆனால் அது செம்மறி ஆட்டின் கணக்கு. அதுவும் நோயில்லாத, ஈஸ்ட்ரோஜன் வற்றாத ஆடு. அதுவும் எலும்பின் உள்வலையில் மட்டும், வெளி ஓட்டில் இல்லை. கடைக்காரரின் கதை இந்த இடத்தில் முடிகிறது. பெண்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

*

2004. ரூபினின் குழுவே மாதவிடாய் நின்று சில வருடமான 70 பெண்களை எடுத்தது. பாதிப் பேருக்கு நடுங்கும் தட்டு, மீதிப் பேருக்கு அதைப் போலவே தெரிகிற நடுங்காத தட்டு. யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வருடம் முடிய எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் வரவில்லை. ஒழுங்காக ஏறிய, நிறை குறைந்த பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் நன்மை தெரிந்தது. எங்கள் வேலையில் சொல்வதென்றால், பாடசாலையின் சராசரிப் புள்ளி ஏறவில்லை, ஆனால் ஒழுங்காக வந்த, முன்வரிசையில் இருந்த பிள்ளைகளை மட்டும் எடுத்தால் ஏறியிருக்கிறது என்பதுபோல. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் இன்னொரு தடவை சோதிக்காமல் அதிபரிடம் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

அதே 2004இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் வேறு 70 பெண்கள், 58 முதல் 74 வயது. இங்கே தட்டு பலமானது, அதில் நின்று முழங்காலை மடித்துப் பயிற்சியும் செய்தார்கள். 6 மாதத்தில் இடுப்பெலும்பு 1 வீதத்துக்கும் சற்றுக் குறைவாகக் கூடியது. நல்ல செய்திதான். ஆனால் 34 எங்கே, 1 எங்கே?

2011. கனடாவின் ரொறன்ரோவில் 202 பெண்கள். இந்தத் தடவை பெரிய சோதனை. ஒரு பிரிவுக்குச் செக்கனுக்கு 90 அதிர்வு, இன்னொரு பிரிவுக்கு 30, மூன்றாவது பிரிவுக்குத் தட்டே இல்லை. எல்லாருக்கும் கல்சியமும் விற்றமின் டியும் கொடுத்தார்கள். நாளுக்கு 20 நிமிடம், ஒரு வருடம். மூன்று பிரிவுக்கும் எலும்பில் வித்தியாசமில்லை.

2015இல் பொஸ்டனில் இருந்து இன்னொரு முடிவு வந்தது. 174 முதியவர்கள், சராசரி வயது 82. நாளுக்கு 10 நிமிடம், 2 வருடம். அங்கேயும் எலும்பு கூடவில்லை.

இத்தோடு முடித்தால் நானும் கடைக்காரர் மாதிரி ஆகிவிடுவேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2014இல் ஹொங்கொங்கில் 60 தாண்டிய 710 பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 18 மாதம் ஒரு பகுதியினர் நாளுக்கு 20 நிமிடம், கிழமைக்கு 5 நாள் மெல்லிய அதிர்வுத் தட்டில் நின்றார்கள். மற்றவர்கள் வழக்கம்போல இருந்தார்கள். எலும்பின் அடர்த்தியில் வித்தியாசம் இல்லை. ஆனால் விழுந்தோ முறிந்தோ போனவர்கள் தட்டில் நின்ற பக்கம் 18.6 வீதம், மற்றப் பக்கம் 28.7 வீதம். கால் தசையின் பலமும் சமநிலையும் தட்டில் நின்றவர்களுக்குக் கூடியிருந்தன.

இதை வாசித்தபோதுதான் எனக்குச் சரியான கேள்வி எதுவென்று விளங்கியது. நாம் எல்லாரும் எலும்பு கூடியதா, எலும்பு கூடியதா என்று கேட்கிறோம். சாச்சியின் உம்மாவைக் கட்டிலில் போட்டது மெலிந்த எலும்பு மட்டுமில்லை. கிணற்றடிப் பாசியும் விழுத்தியது. எலும்பு மெலிந்திருந்தும் விழாமல் வாழ்ந்து முடித்த எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

*

அப்படியென்றால் எது உதவும்? நான் வாசித்ததில் உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 80 தாண்டிய 233 பெண்களை வைத்து 1997இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினரின் வீட்டுக்கே ஆள் போய்க் கால் பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தது. இயந்திரம் ஒன்றுமில்லை. கதிரையில் இருந்து எழும்புவது, ஒரு சாமானைப் பிடித்துக்கொண்டு குதிக்காலில் உயர்வது, நடப்பது, கணுக்காலில் சின்னப் பாரம் கட்டிக் காலைத் தூக்குவது. ஒரு வருடத்தில் விழுந்த தடவைகள் தெளிவாகக் குறைந்தன.

அவுஸ்திரேலியாவில் 2018இல் வந்த ஆய்வு இன்னும் துணிச்சலானது. 58 தாண்டிய, எலும்பு மெலிந்த 101 பெண்கள். பாதிப் பேர் கிழமைக்கு 2 நாள், 30 நிமிடம், பயிற்சியாளரின் கண்முன்னே பாரம் தூக்கினார்கள். விளையாட்டுப் பாரமில்லை, நல்ல பாரம். 8 மாதத்தில் அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 வீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 வீதம் குறைந்தது. தயவுசெய்து இதை வாசித்துவிட்டு யாரும் உம்மாவைச் சீனி மூடை தூக்க வைத்துவிடாதீர்கள். அந்தப் பெண்களைப் பரிசோதித்து, படிப்படியாகப் பழக்கி, பக்கத்தில் ஆள் நின்றுதான் செய்வித்தார்கள். நான் சொல்ல வருவது வேறு. வொல்ப் 1892இல் எழுதியது 60 தாண்டிய பெண்ணின் எலும்புக்கும் பொருந்துகிறது. அது இன்னும் கேட்கிறது. நாம்தான் "நீங்க இருங்க உம்மா, நீங்க ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று அதற்குச் செய்தியே போகாமல் செய்துவிடுகிறோம். அன்பில்தான் செய்கிறோம். ஆனால் ஸ்கைலேப்பில் இருந்தவர்களுக்கு நடந்ததைத்தான் வீட்டுக்குள்ளே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறோம்.

மருந்தும் இருக்கிறது. எலும்பை இடிக்கும் கலங்களுக்குக் கடிவாளம் போடும் மாத்திரைகள் 1990களில் இருந்து பாவனையில் உள்ளன. ஒருமுறை லேசாக விழுந்து கையோ முதுகோ முறிந்தவர்கள் கட்டுப் போட்டதோடு விட்டுவிடாமல், "டொக்டர், என் எலும்பு மெலிந்திருக்கிறதா?" என்று கிளினிக்கில் கட்டாயம் கேட்க வேண்டும். யாருக்கு மருந்து, எவ்வளவு காலம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். உடம்புக்கு விற்றமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். நம் பெண்கள் பலர் நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறோம். பின் வளவில், மறைவான இடத்தில், கையில் வெயில் படக் கொஞ்ச நேரம் இருக்கலாம். செலவில்லை.

தட்டில் ஏற விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆராய்ச்சியில் பாவித்த பல தட்டுகள் மிக மென்மையானவை. கடையில் விற்கும் பல தட்டுகள் அதைவிடப் பல மடங்கு பலமாகக் குலுக்குகின்றன. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். பாரிய வாகனம் ஓட்டுகிறவர்களின் முதுகை நீண்ட கால அதிர்வு கெடுக்கிறது என்பதால் தொழிலாளருக்கு அதில் உலக அளவில் வரையறை வைத்திருக்கிறார்கள். சில தட்டுகள் அந்த வரையறையையும் தாண்டுகின்றன. எலும்பு ஏற்கனவே மெலிந்தவர்கள், அண்மையில் முறிந்தவர்கள், உடம்பில் இரும்புத் தகடோ பேஸ்மேக்கரோ வைத்தவர்கள், கண்ணில் விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள், காலில் இரத்தம் உறைந்தவர்கள் டொக்டரிடம் கேட்காமல் ஏறவே கூடாது. இதில் பாதிப் பேர் நம் சாச்சிமார்தான்.

தொழுகையைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். தொழுகை வணக்கம். அதை நான் உடற்பயிற்சியாக ஆக்க மாட்டேன். முடியாதவர்களுக்கு மார்க்கம் கதிரையில் இருந்து தொழச் சலுகை தந்திருக்கிறது, அதை மௌலவிமாரிடம் கேளுங்கள். ஆனால் நிற்க முடிந்த ஒரு உம்மா நிலையில் நிற்கும்போது அவருடைய கால் தசைகள் அந்தச் சின்ன நடுக்கத்தை எலும்புக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோசம் வருகிறது. சுப்ஹானல்லாஹ். காசு கொடுத்து வாங்கச் சொல்லும் சாமானின் சின்ன வடிவம் ஒன்று படைத்தவன் தந்த உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

*

இதையெல்லாம் சாச்சியிடம் சொன்னேன். ஆண்டெல்லாம் சொல்லவில்லை. ஆடு, கதிரை, ஒட்டகம் மட்டும் சொன்னேன். ஒட்டகத்துக்கு நன்றாகச் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப ஒண்டும் செய்ய ஏலாதா மகள்?" என்றார்.

ஏலும் என்றேன். அன்றைக்கே அவருடைய வீட்டுக்குப் போனோம். குளியலறையில் பிடிக்க ஒன்றும் இல்லை. நிலம் வழுக்கல். இரவில் எழும்பினால் லைட் சுவிட்ச் கதவுக்கு அந்தப் பக்கம். காலில் போட்டிருந்த செருப்பின் அடி கண்ணாடி மாதிரித் தேய்ந்து போயிருந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் மடிந்து கிடந்த ஒரு கார்ப்பெட். அவருடைய உம்மா விழுந்த அதே மாதிரி வீடு. கிணறு மட்டும் குழாயாகிவிட்டது.

மகனுக்குக் கோல் எடுத்தோம். அந்தக் கிழமையே சுவரில் ஒரு இரும்புப் பிடி பூட்டினார், கட்டிலடியில் ஒரு சின்ன லைட் போட்டார், கார்ப்பெட்டைத் தூக்கினார். புதுச் செருப்பு வாங்கினார். எல்லாம் சேர்த்தும் ஒரு காப்பின் கால்வாசி விலை வரவில்லை. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக நாள் எடுத்தாயிற்று. காலையில் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பிப் பழகுகிறார். முதல் நாள் 3 தடவை. நேற்றுக் கேட்டபோது 8 என்றார், பரீட்சையில் புள்ளி சொல்கிற பிள்ளை மாதிரி.

பஸார்க் கடைக்குப் போவதை மட்டும் விடவில்லை. டொக்டர் சொல்லும்வரை தட்டில் ஏறமாட்டேன் என்று வாக்குத் தந்திருக்கிறார். நடந்து போகிறார், கதிரையில் இருந்து மற்றப் பெண்களோடு கதைக்கிறார், நடந்து வருகிறார். அதை நான் தடுக்கவில்லை. ஹொங்கொங் பெண்களுக்கு உதவியதில் தட்டுக்கு எவ்வளவு பங்கு, கிழமைக்கு 5 நாள் வீட்டைவிட்டு வெளியே போனதற்கு எவ்வளவு பங்கு என்று எனக்குள்ளே ஒரு கேள்வி இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு படுக்கப் போகுமுன் உம்மாவின் செருப்பைத் திருப்பி அடியைப் பாருங்கள். குளியலறைக்குப் போகும் வழியை இருட்டில் ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். யாராவது ஒரு சாமானைக் காட்டி "விஞ்ஞானிகள் சொன்னது" என்றால், எந்த ஆண்டில் சொன்னது, யாரை வைத்துச் சொன்னது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். பிறகு காப்பைக் கழற்றுவோம்.

வல்ல அல்லாஹ் நம் உம்மாமார் எல்லாருக்கும் கடைசிவரை சொந்தக் காலில் நடமாடும் பாக்கியத்தைத் தருவானாக. நம்மைவிட்டுப் போனவர்களின் கப்றுகளைப் பிரகாசமாக்குவானாக. ஆமீன்.

பயனுள்ளது என்று நினைத்தால் பகிருங்கள். டொக்டர்மார் யாராவது வாசித்து ஏதும் பிழை கண்டால் கொமண்டில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.